ஆம்ப்ளிஃபயரில் கெப்பாசிட்டர் மாற்றினால் சத்தம் நன்றாகுமா? எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

“கெப்பாசிட்டர் எல்லாத்தையும் நல்ல பிராண்டா மாத்திட்டேன், சவுண்டு அப்படியே வேற மாதிரி ஆயிடுச்சு” என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். கழற்றிய பழசை அளந்து பார்த்தீர்களா? பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள், அது அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்கும். புதுசு உசத்தி என்பதால் சத்தம் மாறியதா, பழசு செத்துப்போய்க் கிடந்ததால் மாறியதா என்று கண்டுபிடிக்க இனி வழியே இல்லை.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிடிஏ 2030 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசி போட்ட ஸ்டீரியோ போர்டு ஒன்று வாங்கி, அதிலிருந்த கெப்பாசிட்டர் அத்தனையையும் பிடுங்கிவிட்டு, ஆடியோவுக்கென்றே வருகிற நிச்சிகான், விமா என்று தேடித்தேடிப் போட்டேன். போர்டு விலையைப் போல மூன்று மடங்கு அதற்கே போனது. கேட்டபோது பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடத் தெளிவாகக் கேட்பதாகத் தோன்றியது, ஒரு வாரம் எல்லோரிடமும் சொன்னேன். அப்புறம் ஒரு நண்பர் அதே போர்டில் மாற்றாத ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டுக்கும் நடுவே ஒரு சுவிட்ச் வைத்து, எது ஓடுகிறது என்று எனக்குத் தெரியாமல் 16 தடவை கேட்க வைத்தார். 9 தடவை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் 8 வந்திருக்கும்.

அதே மாதம் தெரிந்தவர் வீட்டுப் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று வந்தது. ஆன் செய்தாலே “ர்ர்ர்” என்று ஒரு இரைச்சல், பாட்டுப் போட்டால் டிரம் அடி விழும் இடமெல்லாம் சத்தம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. சப்ளை மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கிக் கொடுக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் 4700 மைக்ரோஃபாரட் (எவ்வளவு சேமிக்கும் என்பதன் அளவு) என்று எழுதியிருந்தது, அளந்தால் 1100தான் காட்டியது. இரண்டை மாற்றியதும் இரைச்சல் போய் பாஸ் திரும்பி வந்தது. அதற்கு எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை, சமையலறையில் இருந்தவர்கள் கேட்டுவிட்டுச் சொன்னார்கள்.

ஆக இரண்டுமே உண்மை. அந்த கெப்பாசிட்டர் சர்க்யூட்டில் எந்த இடத்தில் இருக்கிறது, அதன் மதிப்பு அந்த இடத்துக்குப் போதுமா, இன்றைக்கு அது உயிரோடு இருக்கிறதா என்ற மூன்றும்தான் சத்தத்தைத் தீர்மானிக்கின்றன. பிராண்டு பெயர் இதற்கெல்லாம் ரொம்பப் பின்னால் வருகிறது.

பெட்டியைத் திறக்கும் முன்

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஃபில்டர் கெப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கும். 35 வோல்டில் 10,000 மைக்ரோஃபாரட் என்றால் 6 ஜூல் வரும், ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்தால் நுனி உருகும், கெப்பாசிட்டரும் கெடும். 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இரண்டு கால்களுக்கும் குறுக்கே ஐந்தாறு வினாடி பிடித்துக்கொண்டு, அப்புறம் மல்டிமீட்டரில் 1 வோல்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பாருங்கள். வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றால் உள்ளே 300, 400 வோல்ட் இருக்கும், அது ஆளைக் கொல்லும். அந்த வேலையைத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

230 வோல்ட் வருகிற பக்கம் எக்ஸ்2, ஒய்2 என்று அச்சிட்ட கெப்பாசிட்டர் இருந்தால் அதற்குப் பதில் அதே வகைதான் போட வேண்டும். 400 வோல்ட் என்று எழுதியிருக்கிறதே என்று சாதாரண கெப்பாசிட்டரைப் போடுவது தீ விபத்துக்கு வழி.

முதலில் ஸ்பீக்கர் பெட்டி

ஆம்ப்ளிஃபயரை நோண்டுவதற்கு முன் ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்வேன். கெப்பாசிட்டர் மாற்றி உண்மையிலேயே காதுக்கு வித்தியாசம் தெரிகிற இடங்களில் இதுதான் முதலாவது, இதை யாரும் கண்டுகொள்வதில்லை. ட்வீட்டருக்கு (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) தொடராக 2.2 அல்லது 3.3 மைக்ரோஃபாரட்டில் ஒரு பைபோலார் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் (உள்ளே திரவம் உள்ள வகை, இதில் ப்ளஸ் மைனஸ் கிடையாது) இருக்கும். 8 ஓம் ட்வீட்டரும் 3.3 மைக்ரோஃபாரட்டும் சேர்ந்தால் 6000 ஹெர்ட்ஸ் அளவில் ட்வீட்டர் வேலையைத் தொடங்கும். பதினைந்து வருடத்தில் அது காய்ந்து 2 மைக்ரோஃபாரட்டாக இறங்கியிருந்தால் அதே எல்லை 10,000 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், நடுவில் உள்ளது காணாமல் போய்விடும், சத்தம் போர்வை போர்த்தியது மாதிரி இருக்கும். அந்த இடத்தில் 100 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள். பழசைவிட இதற்கு உள் எதிர்ப்பு குறைவு என்பதால் ட்வீட்டர் கொஞ்சம் கூச்சலாகத் தெரியலாம், அப்படித் தெரிந்தால் அரை ஓமிலிருந்து 1 ஓம் வரை ஒரு ரெசிஸ்டரைத் தொடரில் சேருங்கள், சரியாகிவிடும்.

எந்த கெப்பாசிட்டர் என்ன செய்கிறது

ஒரே ஒரு கணக்கு கைவசம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 1,59,000-ஐ அந்தக் கெப்பாசிட்டரோடு சேர்ந்திருக்கும் எதிர்ப்பின் ஓமால் வகுத்து, மைக்ரோஃபாரட்டாலும் வகுங்கள். வருவது ஹெர்ட்ஸ். சிக்னல் போகிற வழியில் தொடராக இருக்கும் எந்த கெப்பாசிட்டரும் அந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்துவிடும்.

டிடிஏ 2030-க்குத் தயாரிப்பாளர் கொடுத்த சர்க்யூட்டையே எடுத்துக்கொள்வோம். இன்புட்டில் 1 மைக்ரோஃபாரட், அதற்குப் பின்னால் 22 கிலோ ஓம், அதனால் 7 ஹெர்ட்ஸ். ஃபீட்பேக்கில் (அவுட்புட்டில் கொஞ்சத்தை ஐசிக்கே திருப்பிக் கொடுக்கும் வழி) 22 மைக்ரோஃபாரட், 680 ஓம், இங்கே 10.6 ஹெர்ட்ஸ். இரண்டும் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கின்றன, நம் வீட்டு ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸுக்கு இறங்கினாலே பெரிய விஷயம். இன்புட்டில் 1-ஐ எடுத்துவிட்டு 10 போட்டால் பாஸ் கூடும் என்று சொல்வார்கள், கூடுவதற்கு இடமே இல்லை. ஆனால் அசெம்பிள் செய்தவர் அங்கே 1-க்குப் பதில் 0.1 போட்டிருந்தால் எல்லை 72 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அப்போது 1 போட்டால் வித்தியாசம் நன்றாகவே கேட்கும், அதற்கு விலை உயர்ந்த கெப்பாசிட்டரும் தேவையில்லை.

இப்போது பரவலாக வரும் டிபிஏ 3116 கிளாஸ் டி போர்டில் இதை மறக்காமல் பாருங்கள். அந்த ஐசியில் கெயினை (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது) கூட்டக் கூட்ட இன்புட் இம்பிடன்ஸ், அதாவது இன்புட்டின் எதிர்ப்பு, இறங்கும், 20 டெசிபெல்லில் 60 கிலோ ஓம் இருப்பது 36 டெசிபெல்லில் 9 கிலோ ஓம் ஆகிவிடும். 0.22 மைக்ரோஃபாரட் இன்புட் கெப்பாசிட்டர் முதல் நிலையில் 12 ஹெர்ட்ஸ் கொடுக்கும், கடைசி நிலையில் 80 ஹெர்ட்ஸ். ஒரே போர்டு, ஒரே கெப்பாசிட்டர்.

பழைய டூ-இன்-ஒன், பழைய கார் ஸ்டீரியோ, ஒற்றை சப்ளையில் (ப்ளஸ் மட்டும், மைனஸ் சப்ளை இல்லாமல்) ஓடும் பழைய ஆம்ப்ளிஃபயர் என்றால் பெரும்பாலும் ஸ்பீக்கருக்குத் தொடராக ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 1000 மைக்ரோஃபாரட் என்றால் 40 ஹெர்ட்ஸ், 2200 என்றால் 18. அந்த 2200 வயசாகி 500-க்கு வந்துவிட்டால் 80 ஹெர்ட்ஸ். தவிலும் பாஸ் கிட்டாரும் மெலிந்து போனதை நீங்கள் ஏற்கெனவே கவனித்திருப்பீர்கள். இங்கே புதுசு போடுவது நியாயமான செலவு. மதிப்பைக் கூட்டினால் ஆன் செய்யும்போது ஸ்பீக்கரில் விழும் “தொம்” அடியும் கூடும், அதனால் 2200-ஐ 10,000 ஆக்க வேண்டாம்.

ஃபில்டர் கெப்பாசிட்டர் பற்றித்தான் தப்பெண்ணம் அதிகம். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் பிரிட்ஜ் டையோடு வழியாக வரும்போது வினாடிக்கு 100 தடவை சார்ஜ் ஆகும், நடுவே உள்ள 10 மில்லி வினாடியைக் கெப்பாசிட்டர்தான் தாங்க வேண்டும். 2 ஆம்பியர் இழுத்தால் 4700 மைக்ரோஃபாரட்டில் ஏறத்தாழ 4 வோல்ட் இறங்கி ஏறும், 10,000-இல் 2 வோல்ட். அது 1100 ஆகிவிட்டால் டிரம் அடிக்கிற நேரம் வோல்டேஜ் அப்படியே சரிந்துவிடும், எங்கள் தெரிந்தவர் வீட்டில் நடந்தது அதுதான். ஆனால் 10,000 நன்றாக இருக்கும்போது அதை 40,000 ஆக்கினால் என்ன ஆகும்? ஐசிக்குள்ளேயே சப்ளை ஏற்ற இறக்கத்தைத் தடுக்கும் வசதி இருக்கிறது, எல்எம் 3886 போன்ற ஆம்ப்ளிஃபயர் ஐசிகளில் அது மிக அதிகம், அதனால் காதுக்கு ஒன்றும் வராது. ஆன் செய்யும்போது ஃபியூஸ் போகலாம், டையோடில் பாயும் உச்ச மின்னோட்டம் கூடும், டிரான்ஸ்ஃபார்மரும் கூடுதலாகச் சுடும். ஒரு சேனலுக்கு 4700 முதல் 10,000 வரை வீட்டு உபயோகத்துக்குப் போதும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஃபில்டரை மாற்றி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். வால்யூமை அடியோடு குறைத்துப் பாருங்கள். இரைச்சலும் குறைந்தால் அது வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னாலிருந்து வருகிறது, இன்புட் வயர், ஷீல்டு, கிரவுண்டு, இவற்றில்தான் கோளாறு. குறையாமல் “ர்ர்ர்” என்று கரகரப்பாக இருந்தால் ஃபில்டரைச் சந்தேகப்படலாம். வழுவழுப்பாக “ம்ம்ம்” என்று இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போர்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், திருப்பி வைத்தாலே போகலாம்.

தொடக்கூடாதவை இரண்டு. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் 22, 47, 100 பிக்கோஃபாரட் என்று குட்டியாக இருப்பவை ஆம்ப்ளிஃபயரை நிலையாக வைத்திருப்பவை. அவுட்புட்டில் 1 ஓம் அல்லது 10 ஓம் ரெசிஸ்டருடன் சேர்ந்து கிரவுண்டுக்குப் போகும் 0.1 அல்லது 0.22-ம் அப்படித்தான். இவற்றின் மதிப்பை மாற்றினால் காதுக்குக் கேட்காத லட்சக்கணக்கான ஹெர்ட்ஸில் ஆசிலேஷன் (ஆம்ப்ளிஃபயர் தானாகவே அதிர்வது) தொடங்கலாம், பாட்டே போடாமல் ஹீட்சிங்க் சுடும், ட்வீட்டர் எரியும். அவை கெட்டுப்போயிருந்தால் அதே மதிப்பு, அதே வகை, கால்கள் குட்டையாக.

வகை முக்கியமில்லையா?

முக்கியம்தான், ஆனால் சில இடங்களில் மட்டும். 1980-இல் அமெரிக்காவில் வால்ட் ஜங், ரிச்சர்ட் மார்ஷ் இருவரும் ஆடியோவுக்கு எந்த கெப்பாசிட்டர் ஏற்றது என்று விரிவாக எழுதிய பிறகுதான் இந்தப் பேச்சு சூடுபிடித்தது. பின்னால் சிரில் பேட்மேன், டக்ளஸ் செல்ஃப் போன்றவர்கள் டிஸ்டார்ஷனை நேரடியாக அளந்து காட்டினார்கள். அவர்கள் அளந்ததில் நமக்கு உபயோகமானது இது: எலக்ட்ரோலிட்டிக் டிஸ்டார்ஷன் கொடுக்கும், ஆனால் அதன் இரண்டு கால்களுக்கும் நடுவே சிக்னல் வோல்டேஜ் விழுந்தால்தான் கொடுக்கும். மதிப்பைத் தாராளமாக வைத்தால் பாட்டு ஓடும் அலைவரிசையில் அங்கே வோல்டேஜ் விழுவதே இல்லை, டிஸ்டார்ஷனும் இல்லை. ஃபீட்பேக்கில் 22-ஐ 47 அல்லது 100 ஆக்குவது இதனால்தான் அர்த்தமுள்ள வேலை, அதுவும் சில ரூபாயில் முடியும்.

உண்மையில் மோசமானது சிக்னல் வழியில் இருக்கும் அதிக மதிப்புள்ள செராமிக். எக்ஸ்7ஆர், ஒய்5வி வகைகளில் வோல்டேஜ் மாற மாற மைக்ரோஃபாரட்டே மாறும், தட்டினால் மைக் மாதிரி சத்தமும் கொடுக்கும். சின்ன புளூடூத் ஆம்ப் போர்டுகளில் இன்புட்டில் இருக்கும் பழுப்பு நிறத் துண்டு பெரும்பாலும் இதுதான். அதை எடுத்துவிட்டு 1 மைக்ரோஃபாரட் பாலியஸ்டர் போடலாம், அளவுக் கருவியில் வித்தியாசம் தெரியும், காதுக்குச் சில சமயம் தெரியும். சப்ளையில் இரைச்சலைக் கிரவுண்டுக்கு அனுப்பும் பைபாஸாக இருக்கும் 104 (0.1 மைக்ரோஃபாரட்) செராமிக்கை விட்டுவிடுங்கள், அங்கே அதுதான் சரியான ஆள். பிக்கோஃபாரட் அளவுக்கு என்பிஓ செராமிக் அருமையானது. பாலியஸ்டருக்கும் பாலிப்ரொப்பிலீனுக்கும் இன்புட் கப்ளிங்கில் நீங்கள் கேட்டு வித்தியாசம் சொன்னால் ஆச்சரியப்படுவேன். டோன் கன்ட்ரோல், அலைவரிசையைப் பிரிக்கும் ஃபில்டர் சர்க்யூட் என்றால் கதை வேறு, அங்கே சிக்னல் கெப்பாசிட்டர் மேல் முழுசாக விழுகிறது, அங்கே பாலிப்ரொப்பிலீன் போடுவது வீண் இல்லை.

தீப்பெட்டி அளவுக்கு ஃபிலிம் கெப்பாசிட்டர் வாங்கி, போர்டில் இடமில்லாமல் நீளமான வயரில் தொங்கவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஆன்டெனா மாதிரி ஹம்மை இழுக்கும்.

அளப்பதும் வாங்குவதும்

கம்போனென்ட் டெஸ்டர் என்று குட்டியாக ஒன்று கிடைக்கிறது, மைக்ரோஃபாரட், ஈஎஸ்ஆர் (கெப்பாசிட்டரின் உள் எதிர்ப்பு) இரண்டையும் காட்டும். சார்ஜை இறக்கிவிட்டுத்தான் அதில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டெஸ்டர் செத்துவிடும். ஒரு காலையாவது போர்டிலிருந்து எடுத்துவிட்டு அளந்தால்தான் நம்பலாம். எழுதிய மதிப்பிலிருந்து 20 சதவீதம் கூடக்குறைய இருப்பது புதுசிலேயே சகஜம், அதற்கும் கீழே போயிருந்தாலோ, அதே அளவு புதுசைவிட ஈஎஸ்ஆர் இரண்டு மூன்று மடங்கு இருந்தாலோ மாற்றுங்கள். தலை உப்பியிருந்தால், அடியில் ஈரமாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் அளக்கவே வேண்டாம். ஒன்று கவனியுங்கள், அடியில் இருக்கிற மஞ்சள் பசை ஒழுகல் இல்லை, அது தயாரிக்கும்போது ஒட்டியது. மீன் வாடை மாதிரி நாற்றம் வந்தால் ஒழுகல்.

வாங்கும்போது 105 டிகிரி வாங்குங்கள். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது நடைமுறைக் கணக்கு. 2000 மணி நேரம், 85 டிகிரி என்று போட்டது ஹீட்சிங்க் பக்கத்தில் 65 டிகிரியில் 8000 மணி நேரம் ஓடும், தினம் 5 மணி நேரம் பாட்டுக் கேட்டால் நாலரை வருடம். அதே 2000 மணி நேரம் 105 டிகிரியில் என்றால் 32,000, பதினேழு வருடத்துக்கு மேல். நாலைந்து ரூபாய் வித்தியாசத்தில் கிடைக்கும் இந்தப் பதின்மூன்று வருடம்தான் கெப்பாசிட்டரில் நான் பார்த்த பெரிய முன்னேற்றம்.

வோல்டேஜில் கஞ்சத்தனம் வேண்டாம். 18-0-18 (இரண்டு பக்கமும் 18 வோல்ட் ஏசி தரும்) டிரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொரு பக்கமும் 24, 25 வோல்ட் டிசி கொடுக்கும், ராத்திரியில் வீட்டு மின்சாரம் 250-க்கு ஏறும்போது 28-ஐத் தொடும். 25 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டு வைத்திருக்கும் போர்டுகளை நிறையப் பார்க்கிறேன், 35 போடுங்கள். 24-0-24 என்றால் 50. பானாசோனிக், ரூபிகான், நிப்பான் கெமிகான், நிச்சிகான், நம் ஊர் கெல்ட்ரான், எதுவானாலும் சரி, ஒரிஜினலாக இருந்தால் போதும். ஒரு கடையில் 10,000 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் என்று வாங்கியது கையில் வைத்தபோதே கனமில்லாமல் இருந்தது, வீட்டில் அளந்தால் 3,900. வெட்டிப் பார்த்தேன், பெரிய டப்பாவுக்குள் சின்னக் கெப்பாசிட்டர். அன்றிலிருந்து டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன், கடைக்காரர் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

கழற்றி மாட்டுவது

முதலில் போட்டோ எடுங்கள், மேலிருந்தும் பக்கத்திலிருந்தும். மைனஸ் பட்டை எந்தப் பக்கம் என்று போட்டோவில் தெரிய வேண்டும். போர்டில் அச்சிட்டிருக்கும் குறியை மட்டும் நம்பாதீர்கள், தப்பாக அச்சான போர்டும் உண்டு. ஒருமுறை அப்படி நம்பி நான் தலைகீழாகப் போட்ட 2200 மைக்ரோஃபாரட் முப்பது வினாடியில் வெடித்து, உள்ளிருந்த தாளும் திரவமும் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய கெப்பாசிட்டரின் கிரவுண்டு காலை 25 வாட் அயர்னால் எடுக்க முயன்றால் ஈயம் உருகாது, நீங்கள் அழுத்த அழுத்த செம்பு பேடு பெயர்ந்து வந்துவிடும். 50, 60 வாட் அயர்னில் கொஞ்சம் புது ஈயம் சேர்த்துச் சூடாக்கினால் சுலபமாக இளகும். ஒரு சேனலை முழுதாக முடித்து, ஓடவைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்தது.

முதல் தடவை ஆன் செய்யும்போது 60 வாட் குண்டு பல்பை 230 வோல்ட் லைனில் சீரிஸில் வையுங்கள். பல்பு ஒரு நொடி பிரகாசித்து மங்கினால் எல்லாம் சரி. பிரகாசமாகவே நின்றால் ஷார்ட், உடனே ஆஃப். ஸ்பீக்கரை மாட்டும் முன் அவுட்புட்டில் டிசி பாருங்கள், 50 மில்லி வோல்டுக்கு மேல் இருந்தால் மாட்டாதீர்கள். வருடக்கணக்கில் கடையில் கிடந்த எலக்ட்ரோலிட்டிக்கில் லீக்கேஜ் கூடுதலாக இருக்கும், வோல்டேஜ் கொடுத்துக் கொஞ்ச நேரம் ஓடினால் அது அடங்கிவிடும். 200 மணி நேரம் ஓட்டினால்தான் சத்தம் பழுக்கும் என்பதில் பழகுவது நம் காதுதான்.

மாறியதா என்று பார்ப்பது

வேலை முடித்து மறுபடி ஆன் செய்து கேட்பதற்குள் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். முந்தைய சத்தத்தின் நுணுக்கத்தைக் காது அவ்வளவு நேரம் ஞாபகம் வைத்திருக்காது. அதனால் இடது சேனலை மட்டும் மாற்றுங்கள், வலது பழையபடி இருக்கட்டும். போனிலிருந்து மோனோவாக ஒரே பாட்டை இரண்டுக்கும் கொடுத்து, ஒரே ஸ்பீக்கரை ஒரு சுவிட்ச் வழியாக மாற்றி மாற்றி இணையுங்கள். ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கிற வகைச் சுவிட்சாக இருக்க வேண்டும், இரண்டு அவுட்புட்டும் நொடிகூட ஒன்றோடொன்று தொடக்கூடாது. கிளாஸ் டி, பிரிட்ஜ் போர்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸ் கிரவுண்டு இல்லை, அதனால் இரண்டு கம்பியையும் சேர்த்து மாற்றும் டபுள் போல் சுவிட்ச் வேண்டும்.

அதற்கு முன் இரண்டின் சத்த அளவைச் சமன் செய்யுங்கள், இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். கொஞ்சம் சத்தமாக இருப்பதைத்தான் காது “தெளிவு” என்று சொல்லும். 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, இரண்டு சேனலும் 1 வோல்டுக்கு 12 மில்லி வோல்ட் வித்தியாசத்துக்குள் வரும்படி சரிசெய்யுங்கள், அது 0.1 டெசிபெல். அதிக அலைவரிசை டோன் வேண்டாம், மலிவு மல்டிமீட்டர்கள் 400 ஹெர்ட்ஸைத் தாண்டினால் தப்பாகக் காட்டும்.

அப்புறம் வீட்டில் யாரையாவது சுவிட்சைப் போடச் சொல்லி, அவர் முகம் தெரியாமல் திரும்பி உட்கார்ந்து 16 தடவை எழுதுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால் உங்கள் காதுக்கு உண்மையிலேயே தெரிகிறது, வெறும் ஊகத்தில் அப்படி வர வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. அப்போது வலது சேனலையும் மாற்றுங்கள். 8, 9 என்று வந்தால் வலதை அப்படியே விட்டுவிட்டு, மிச்சக் காசை நல்ல ட்வீட்டருக்கோ ஸ்பீக்கர் பெட்டி மரத்துக்கோ வைத்துக்கொள்ளுங்கள். எப்படி இருந்தாலும் கழற்றிய கெப்பாசிட்டரைத் தூக்கிப் போடாமல், அளந்த மதிப்பையும் தேதியையும் அதன் மேலேயே மார்க்கரில் எழுதி, ஒரு கவரில் போட்டு ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் ஓரமாக ஒட்டி வையுங்கள்.